உன் வாத்தும் என் கோழியும்

நேற்று காலை மகள் ஒரு வாத்து வாங்கி வந்தாள். பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் உரித்துச் சுத்தம் செய்தே கொடுத்துவிட்டார்களாம். "மிளகு நெறையப் போட்டு வெய்யிம்மா, சளிக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பையைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. கோழிக்கு இல்லாத, சேறும் கொழுப்பும் கலந்த வாடை. நாற்காலியை இழுத்துப் போட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் வேறு ஆள் இல்லை. உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது. நீயோ பந்திங் ஊரில் உன் தம்பி வீட்டில் கண்ணை மூடிவிட்டாய். எனக்குத் தகவல் வந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. அதனால் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலம். ரயில்வே குவார்ட்டர்ஸில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். விறகு கிடைக்காத நாளில், கொல்லைக்கு நடுவே இருந்த பலகை வேலியை நாம் இருவரும்தான் பிடுங்கி அடுப்பில் வைத்தோம். வேலி போனதும் உன் வாத்தும் என் கோழியும் ஒரே குடும்பமாகிவிட்டன. சும்மா சொல்லக் கூடாது, முதலில் நன்றாகத்தான் இருந்தது. மரவள்ளிப் பாத்தியில் வாத்து நத்தையைத் தின்னும், கோழி புழுவைக் கிளறும். தண்ணீர்ச் சட்டிதான் தொல்லை. வைத்த மறு நிமிஷம் உன் வாத்துகள் அதைச் சேறாக்கிவிடும். "இது குடிக்கிறதுக்கு வெச்ச தண்ணியா, குளிக்கிறதுக்கு வெச்ச தண்ணியா?" என்று நான் கத்துவேன். நீ சிரிப்பாய். "விடுங்கக்கா, தொரை குளிக்காம சாப்பிட மாட்டாரு."

தொரை என்பது ஆண் வாத்துக்கு நீ வைத்த பெயர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தோட்டத்து மேனேஜர் மாதிரியே நடக்கும். "வெள்ளைக்காரத் தொரைங்க எல்லாம் ஓடிட்டாங்க, இவரு ஒருத்தருதான் மிச்சம்" என்பாய். குஞ்சாக அதை வாங்கி வந்தது உன் வீட்டுக்காரர். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் அவரைக் கொண்டுபோன அன்று, லோரியில் ஏறும் முன், "நான் வர்ற அன்னிக்கு இவனைக் கொழம்பு வெச்சிரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வார்த்தையை நீ விடவே இல்லை. தொரை இருக்கும்வரை அவரும் வந்துவிடுவார் என்று நம்பினாய். வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குக் கால் ஊனம். அவரை யாரும் கூப்பிடவில்லை.

பிறகு ஒருநாள் சிப்பாய்கள் கொல்லைக்குள் நுழைந்தார்கள். என் கோழிகள் கூரைமேல் ஏறித் தப்பின. உன் பெட்டை வாத்துகள் மூன்றும் பறக்க முடியாமல் அகப்பட்டுக்கொண்டன. சாக்கடைக்குள் இறங்கிக்கொண்ட தொரை மட்டும் மிஞ்சியது. ஜோடி இல்லாமல் போனதும் அது என் கோழிகள்மேல் பாய ஆரம்பித்தது. முதுகைக் கிழித்து ஒன்றைக் கொன்றே போட்டது. அடுத்ததற்கும் கழுத்தில் ரத்தம். முட்டையிட்டது அந்த ஒன்றுதான். மகளுக்கு அப்போது நான்கு வயது. சோறில்லாமல் கால் வீங்கிக் கிடந்தாள். அந்த முட்டைதான் அவளுக்கு மருந்து.

நான் என்ன செய்தேன்? சண்டைக்கு வந்தேன். "உன் வாத்து வேணுமா, என் புள்ள வேணுமா, நீயே சொல்லு!" என்று கொல்லையில் நின்று கத்தினேன். நீ தொரையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய்.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கே என் வீட்டுக்காரர் சொன்னார், "ரெண்டு தகரம் இருக்குல்ல, நடுவுல வேலியா நிறுத்திட்டா முடிஞ்சிச்சு. எதுக்கு பக்கத்து வீட்டுப் புள்ளையப் போட்டு வதைக்கிற?" பட்டறையிலிருந்து அவர் கொண்டுவந்த தகரம், என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அரிசிக்கு மாற்றலாம் என்று ஒளித்து வைத்திருந்தேன். "நீங்க வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டேன். பாவி நான்.

மறுநாள் காலை மிளகு வாசம் சுவரைத் தாண்டி வந்தது. ஈயப் போணியில் ரசமும் கறியுமாக நீயே கொண்டுவந்தாய். முகம் வீங்கியிருந்தது. "புள்ளைக்குக் குடுங்கக்கா. சூடா இருக்கு, பாத்து" என்றாய். நீ திட்டியிருந்தால் நான் தேறியிருப்பேன்.

மகள் பிழைத்துக்கொண்டாள். யுத்தமும் முடிந்தது. சயாமிலிருந்து ஆட்கள் திரும்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். எலும்பும் தோலுமாக இறங்கியவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"அக்கா, அடுத்த ரயில்ல அவரு வந்துட்டா என்னத்த ஆக்கிப் போடுறது? தொரையும் இல்லையே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அரிசிக்கு மாற்றாமலே அந்தத் தகரம் கட்டிலடியில்தான் கிடந்தது. "ஏதாவது ஆக்கலாம் வா" என்றேன். அடுத்த ரயிலிலும் அவர் வரவில்லை. அதற்கடுத்த ரயிலிலும் இல்லை. கடைசியில் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பந்திங்குக்குப் போனாய். பேச ஆளில்லாமல் நான் அந்தக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இப்போது வீடு மாறிவிட்டது, என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கொல்லையை நினைக்க என்னைவிட்டால் ஆளில்லை.

நேற்று உன் கைப்பக்குவத்தில் வைத்தேன். மகள் வேலை முடிந்து வந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். "நீ ஏம்மா தொட மாட்டேங்குற?" என்றாள். ஒத்துக்கொள்ளாது என்றேன். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து மூடி வைத்தேன்.

"அது யாருக்கு?"

"அடுத்த ரயில்ல வர்றவருக்கு" என்றேன்.