கலைத் தூணில் சாக்கெட்

அன்புள்ள டார்சிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், மைனஸ் முப்பத்தெட்டு குளிரில் எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு. அங்கே டார்வின் நகரத்து வெயிலில் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. கிறிஸ்துமஸ் அன்று மாமா ஏன் போனில் வரவில்லை என்று கேட்டாய், ஜலதோஷம் என்று மழுப்பினேன். உண்மையில் ஜூன் மாதத்திலிருந்து லைல் என்னோடு பேசுவதில்லை. கூடப் பிறந்தவன், இரண்டு தெரு தள்ளி இருக்கிறான், பண்டிகைக்குப் பெரோகிக் கொழுக்கட்டையைக்கூட மனைவியிடம் கொடுத்தனுப்பினான்.

எல்லாம் புது விளையாட்டு மையத்தால் வந்த வினை. கட்டடச் செலவில் ஒரு பங்கு கலைக்கு என்று நகராட்சி விதி, தேர்வுக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். பக்கத்து ஊரில் ராட்சத வாத்துச் சிலை நிற்கிறது, நமக்கு அதைவிடப் பெரிய மீன் வேண்டும், பிள்ளைகள் வாய் வழியாக நுழைந்து வால் வழியாகச் சறுக்கி வர வேண்டும் என்று லைல் ஒற்றைக்காலில் நின்றான். டொராண்டோவிலிருந்து மரியான் என்ற பெண் அனுப்பியதோ வண்டி நிறுத்துமிடத்தின் ஓரமாக இடுப்பளவு உயரத்தில் இருபது இரும்புத் தூண்கள், உச்சியில் விளக்கு, ‘காத்திருப்பு’ என்று பெயர். வாக்கு இரண்டுக்கு இரண்டு, என் வாக்கால் மீன் தோற்றது. "சொந்தத் தம்பி மீனை விட்டுட்டு எவளோ நடுற குச்சிக்குக் கை தூக்கிட்டியேக்கா" என்றான், அதோடு பேச்சு நின்றது.

ஊரில் எலக்ட்ரீஷியன் அவன் ஒருவன்தானே, தூண் விளக்குக்கு வயர் இழுக்கும் வேலையும் அவனுக்கே போனது. வண்டி நிற்கும் இடத்தில் வரிசையாகக் கம்பம், உள்ளே கரண்ட், ஆனால் குளிரில் என்ஜின் உறையாமல் சூடேற்ற, வண்டியிலிருந்து வயர் செருக ஒரு சாக்கெட் இல்லை. பட்டணத்துப் பெண் மறந்துவிட்டாள் என்று முடிவுகட்டி, தூணுக்கு ஒன்றாக அவனே வைத்துவிட்டான். "இல்லேன்னா ஊரே என்னைத்தான் காறித் துப்பும்" என்றானாம் மனைவியிடம். திறப்பு விழாவன்று மேயர் நாடா வெட்டப் போனால், பின்னால் இருபது பிக்கப் வண்டிகள் கட்டிப்போட்ட குதிரைகளாக நிற்கின்றன. முதல் வண்டி உன் அப்பாவுடையது. அனுமதியில்லாமல் படைப்பில் கைவைத்தால் வழக்குப் போடலாம் என்று ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டவள் நான். தம்பியின் லைசென்ஸே போய்விடுமோ என்று பயந்தேன். மரியான் எல்லாத் தூணையும் சுற்றிப் பார்த்துவிட்டு யார் வைத்தது என்று கேட்டாள். "நான்தான். நீ மறந்துட்டே, நான் வெச்சேன்" என்றான் லைல், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அவள் ஒரு வண்டியின் என்ஜின் மூடியில் கையை வைத்துச் சூடு பார்த்தாள், பிறகு "இதுல என்னமோ குறையுதுன்னு ஒரு வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டேன்" என்றாள். இப்போது பித்தளைப் பலகையில் படைப்பின் பொருள்களாக ‘இரும்பு, ஒளி, சாக்கெட், மாறிமாறி வரும் வண்டிகள்’ என்று பொறித்திருக்கிறார்கள். அப்பா தினமும் அங்கே நிறுத்திவிட்டு, தானும் கலைதான் என்கிறார்.

போன வாரம் ஒரு சாக்கெட் கருகிவிட்டது. லைல் திருப்புளியோடு போனால், நகராட்சி குமாஸ்தா கோட்டுக்கூடப் போடாமல் ஓடிவந்து "தொடாதீங்க, அது கலை!" என்று கத்தினாராம். "நான் வெச்ச சாக்கெட்டுய்யா" என்று இவன் கத்தியும் பலனில்லை, கலைஞருக்கு விண்ணப்பம் போக வேண்டும், அதில் குழுத் தலைவியின் கையெழுத்து வேண்டும். அன்று சாயங்காலம் சமையலறைக் கதவு தட்டப்பட்டது. பூட்ஸில் பனியோடு நின்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு கையெழுத்து வேணும்க்கா" என்றான். உடனே போட்டால் கிளம்பிவிடுவான் என்று, கண்ணாடியைக் காணோம், தேடுகிறேன், அதுவரை சாப்பிடு என்று உட்காரவைத்தேன். கண்ணாடி என் தலைமேல்தான் இருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான், ஆனால் சொல்லவில்லை, தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் போடச் சொன்னான்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணே. எங்கள் ஆசி என்றும் உனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு மறக்காமல் போன் செய், மீன் பேச்சை மட்டும் எடுக்காதே.

உன் அன்புள்ள,
அம்மா