ஆளுக்கு ஒரு வாய்ப் பொங்கல்

செவ்வாய்க் கிரகம், மாட்டுக் கூடாரம். நாள் 611, 06:10

எழுதுபவன் கால்நடை மருத்துவன் பிச்சைக்கண்ணு. தொப்பை உண்டு, முடி இல்லை. காற்றழுத்தம் சரி. பசுக்கள் கருவாச்சியும் செம்பியும் படுத்து அசை போடுகின்றன.

இங்கே விளைவது முரட்டுப் புல் ஒன்றுதான். நமக்குச் செரிக்காது. உண்மையைச் சொன்னால் மாட்டுக்கும் செரிக்காது. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் புல்லைப் புளிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. உழைப்பு அவற்றுடையது, பெயர் மாட்டுக்கு, பால் இங்கே குடியிருக்கும் நாற்பது பேருக்கு.

செம்பியின் கன்று நேற்றுத் தலைவர் கோமதிநாயகத்தின் வேட்டியில் பாதியைத் தின்றுவிட்டது. மீதியைச் சுற்றிக்கொண்டு அவர் போனதைப் பார்த்தவன் நான் மட்டும். எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்.

நாள் 612, 17:40

தலைவர்: “வேய் டாக்டரே, நாளைக்கு மாட்டுப் பொங்கல். பூமிக்கு நேரலை போவுது. அந்த வேட்டி தின்னி என் கண்ணுல படக்கூடாது, ஆமா.”

நான்: “அண்ணாச்சி, பொங்கலை மாட்டுக்குக் காட்டிட்டு நீங்களே சாப்பிடுங்க. சோறு அதுக்கு ஆகாது. வயித்துல அமிலமாயிரும்.”

தலைவர்: “ஆளுக்கு ஒரு வாய்தானவே! என்ன கெட்டுப் போச்சு?”

நாள் 613, 12:30

மாடுகளுக்கு ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுவதாகச் சொன்னது, ஆளுக்கு ஒரு தட்டாயிற்று. சேமிப்பு அரிசி முழுவதையும் பொங்கிவிட்டார்கள். கேமராவை என் கையில் திணித்தார்கள். நிறுத்தச் சொல்லி நான் போட்ட கூச்சலும் “பொங்கலோ பொங்கல்” என்றே பூமிக்குக் கேட்டிருக்கும். கன்று என் அறையில் கட்டிக் கிடந்து என் செருப்பைத் தின்றது.

நாள் 614, 15:00

மாட்டின் இடது வயிற்றில் முஷ்டியை அழுத்தினால், இரைப்பை புரண்டு கையைத் தள்ள வேண்டும். இரண்டுக்கும் தள்ளவில்லை. சோறு மளமளவென்று புளித்து, நுண்ணுயிர்களை அமிலத்தில் அவித்துவிட்டது. சோடா உப்பு ஊற்றினேன், ஊசி போட்டேன். கருவாச்சி செத்துவிட்டது.

தலைவர்: “கறியாவது தேறும்லா?”

நேற்று அதன் கொம்புக்கு மஞ்சள் பூசிய ஆள்! கருவாச்சியின் உடம்பெல்லாம் நான் ஏற்றிய மருந்து, தின்ன ஆகாது. பிணத்தைக் கூடாரத்துக்கு வெளியே தள்ளிவிட்டேன்.

நாள் 619, 09:20

செம்பி புல் தின்கிறது. செரிக்கவில்லை. வயிறு முட்டியபடியே பட்டினி கிடக்கிறது. பால் இல்லை. புல் மலைக்கு நடுவே மனிதர்களுக்கும் பட்டினி. பூமியிலிருந்து கப்பல் வர நான்கு மாதம்.

ஆனால் கன்று அசை போடுகிறது! தாயின் வாயை நக்கி நக்கி வாங்கிய நுண்ணுயிர்கள். இந்தக் கிரகத்தில் மிச்சமிருப்பவை அதன் வயிற்றில் மட்டுமே. அசை போடும் கவளத்தை அதன் வாயிலிருந்து பிடுங்கிச் செம்பியின் தொண்டையில் திணிக்கிறேன். செம்பியின் வயிறு மறுபடி வேலை செய்தால் பால் வரும். பலன் தெரிய ஒரு வாரம் வேண்டும் என்று கேட்டேன்.

தலைவர்: “கண்ணுக்குட்டி என்ன எடை இருக்கும் டாக்டரே?”

நாள் 620, 11:05

விரலில் நான்கு கடி. கன்றுக்கு என்மேல் கோபம். நியாயம்தான், என் வாய்ச்சோற்றைப் பிடுங்கினால் நானும் கடிப்பேன். மாட்டுக் கூடாரத்தின் கதவை உள்ளே தாழிட்டுவிட்டேன். செருப்பில் மீதியிருந்ததை நானே மென்று பார்த்தேன். கன்றுக்கு ரசனை போதாது.

நாள் 622, 16:48

வாயால் சொல்கிறேன், பதிவுப் பெட்டி எழுதிக்கொள்கிறது. கைகள் இரண்டும் வேலையில். கதவை அறுக்கிறார்கள்.

தலைவர்: “திறந்துவிடும் டாக்டரே. கும்பிட்டுட்டுத்தான் அறுப்போம். ஆளுக்கு ஒரு வாய்தானவே.”

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: என் இடது கை கன்றின் வாயில். வலது முஷ்டி செம்பியின் வயிற்றில்.

தள்ளியது.

சத்தியமாகத் தள்ளியது. மெதுவாக, ஒரே ஒரு முறை. அண்ணாச்சி, நில்லுங்க, இங்க வந்து கையை வச்சுப் பாருங்க, அந்தக் கத்தியைக் கீழே

செம்பி, இன்னொரு தடவை. இவங்க கை வைக்கும்போது தள்ளும்மா, ஒரே ஒரு