எதிர்வீட்டில் எரிந்த நம் விளக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். மூன்று மாடி ஏறி இறங்கியதில் முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடிந்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுத்துவிடாதே. நோயாளிகளுக்கு ஆயிரம் புத்தி சொல்கிற நர்ஸம்மா தன் வயிற்றைக் கவனிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் உனக்கு அழுகை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

போன வாரம் வீடியோவில் என் முகத்துக்குப் பின்னால் மெழுகுவத்தி எரிவதைப் பார்த்துவிட்டாய். நீ வாங்கிக் கொடுத்த வீட்டில் நான் கரண்ட் இல்லாமல் குடியிருப்பது அப்படித்தான் உனக்குத் தெரிந்தது. உடனே, "ராஜினாமா எழுதிப் பையில வச்சுட்டேன்மா, இந்த மாசம் வெளிச்சம் வரலேன்னா குடுத்துட்டுக் கிளம்பிடுவேன்" என்றாய். எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு முறை பரீட்சை எழுதி வாங்கிய வேலை. அதை ஒரு ஃப்யூஸ் கட்டைக்காக விடுவதா? அன்றே முடிவு செய்துவிட்டேன், இந்த வீட்டில் விளக்கு எரிந்தே ஆக வேண்டும் என்று.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். பழைய வாடகை வீட்டுக்காரர் சாவியைக் கேட்டுவிட்டதால்தான் அவசரமாக இங்கே மாறினேன். மின்சார ஆபீசில் முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். லைன்மேனும் வந்தார். நல்ல மனிதர், முகத்தில்தான் எப்போதும் பல்வலி. மாடிப்படிக்கு அடியில் மீட்டர் அறை. அங்கே நம் வீட்டு எண் போட்ட மீட்டரில் ஃப்யூஸ் கட்டையைச் செருகி, சீல் வைத்து, "போய் லைட்டைப் போடுங்கம்மா" என்றார். ஓடிப்போய் வீட்டில் இருந்த அத்தனை சுவிட்சையும் போட்டேன். ஒன்றும் எரியவில்லை. அவரிடம் சொல்ல வெளியே வந்தால், எதிர்வீட்டுக் கதவுக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் பளிச்சென்று வெளிச்சம்! இன்னும் விற்காத வீடு, வாசலில் பூட்டு தொங்குகிறது. உள்ளே மின்விசிறி வேறு சுற்றுகிறது. முதலில் பயந்துவிட்டேன். மாடிப்படியிலிருந்தே குரல் கொடுத்து, கீழே இருந்த லைன்மேனைக் கட்டையைப் பிடுங்கச் சொன்னேன். எதிர்வீட்டு விளக்கு அணைந்தது. நம் மீட்டரின் வயர் பூட்டிய வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆளில்லாத வீட்டில் விளக்கு, ஆள் இருக்கிற வீட்டில் மெழுகுவத்தி. வயிறு எரிந்தது எனக்கு.

லைன்மேன், "எங்க வேலை மீட்டரோட சரிம்மா. அதுக்கு மேல போற வயர் கட்டினவங்க பொறுப்பு, அவங்கதான் மாத்தி இழுத்திருக்காங்க" என்று சைக்கிளில் ஏறிவிட்டார். கட்டடக்காரரின் சூப்பர்வைசரோ, "வயரெல்லாம் கரெக்டுங்க, அவங்கதான் மீட்டரை மாத்தி மாட்டிட்டாங்க. நாளைக்கு வந்து பாக்கறேன்" என்றார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயரே 'நாளைக்கு சார்'. சீலை உடைக்க அவர் வேண்டும், வயரை மாற்ற இவர் வேண்டும். அவர் வருகிற நாளில் இவர் வரமாட்டார், இவர் எட்டிப் பார்க்கிற நாளில் அவர் வேறு தெருவில். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் என் கதி.

வாட்ச்மேனுக்கு என்மேல் இரக்கம். "எதிர்வீட்டுச் சாவி எங்கிட்டதாம்மா இருக்கு. அங்கேருந்து ஒரு வயர் இழுத்துக்குங்க, யாரு கேக்கப் போறா" என்றார். மாட்டேன் என்றுவிட்டேன். நம் கரண்ட்தான், ஆனால் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து எடுத்தால் அதற்குப் பெயர் வேறு. என் மகள் உழைத்து வாங்கிய வீட்டுக்கு வெளிச்சம் நேர்வழியில்தான் வர வேண்டும்.

பிறகு ஒரு யோசனை தோன்றியது. நான் பொய் சொல்லவில்லை, நம்பு. 'நாளைக்கு சார்' சொன்னதை லைன்மேனிடம் ஓர் எழுத்து மாறாமல் சொன்னேன். லைன்மேன் சொன்னதை 'நாளைக்கு சாரிடம்' அப்படியே சொன்னேன். காலையில் மீட்டர் அறைக்கு மற்றவரும் வருகிறார் என்பதை மட்டும் இருவரிடமும் சேர்த்துச் சொன்னேன். வேலை செய்யக் கூப்பிட்டபோது வராதவர்கள், சண்டை போட முதல் ஆளாக வந்து நின்றார்கள்!

கூலிக்குத் தைக்க வாங்கியிருந்த சட்டைகளை எடுத்துப்போய், நாற்காலியை மீட்டர் அறை வாசலுக்குக் குறுக்கே போட்டு, பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தபடி உட்கார்ந்தேன். உள்ளே ஒரே ரகளை. இடையில் 'நாளைக்கு சார்' வெளியே போகப் பார்த்தார். "முடிச்சுட்டுப் போங்க தம்பி, எனக்கு இன்னும் நாலு சட்டை பாக்கி இருக்கு" என்றேன். கடைசியில் சூப்பர்வைசர்மேல் தப்பு என்று காட்ட லைன்மேன் சீலை உடைத்தார், லைன்மேன்மேல் தப்பு என்று காட்ட 'நாளைக்கு சார்' வயரைக் கழற்றினார். கழற்றிய கையோடு நம் வீட்டு வயரை நம் மீட்டரில் மாற்றி முடுக்கினார்கள். தப்பு யாருடையது என்று இன்றுவரை முடிவாகவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. லைன்மேன் புதுச் சீல் வைத்ததும் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மேலே வந்தால் வீடே ஜெகஜ்ஜோதி. அன்று போட்ட சுவிட்சுகளை நான் அணைக்கவே இல்லை! எல்லா விளக்கும் எரிகிறது, எல்லா விசிறியும் சுற்றுகிறது, சமையலறையில் ஃபிரிட்ஜ் தூங்கி எழுந்தது போல முனகுகிறது. அப்பா இருந்தவரை ஃப்யூஸ் போனால் அவர் வரும்வரை நான் இடத்தை விட்டு அசையமாட்டேன், உனக்கே தெரியும். இப்போது நம் மீட்டர் எது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். அவர் பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டார். நடுக்கூடத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஆகவே பையில் இருக்கிற அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு. அம்மா தனியாக இருக்கிறாளே என்று நீ வேலையை விட்டு வந்தால், நான் மீட்டர் அறையில் உட்கார்ந்ததெல்லாம் வீண். முறையாக லீவு கேள், கொடுக்கிறபோது வா. யாரையோ காப்பாற்ற ஓடி வருகிறவளாக வராதே, வீட்டுக்காரியாக வா.

இன்னும் ஒன்று. சிக்கனமாக ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வந்தேன். உன் அறை வாசலில் கை நின்றுவிட்டது. பூட்டிய வீட்டில் ஆளில்லாமல் விளக்கு எரிகிறதே என்று அத்தனை ஆத்திரப்பட்டவள், இதை எழுதும்போதும் உன் அறை விளக்கை அணைக்காமல் வைத்திருக்கிறேன். நீ வந்து உன் கையால் அணை.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கைபட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும், நீயும் நன்றாக இரு.

உன்
அம்மா