நியாபகம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கு? போனை ஆத்துல போட்டுட்டேன், இனிமே கடிதம்தான். விடுதி மேனேஜர் பெயருக்குப் பதில் போடு.

போன வாரம் உன் பரணில் வச்ச நீலப் பெட்டியில் பழைய துணி இல்ல. பெரியவரோட பணம். ஏழு வருஷம் அவரோட மாமூல் வசூலுக்கு வண்டி ஓட்டினேன், எந்தக் கடைக்காரர் அழுதுகிட்டே கொடுத்தார்னு எனக்குத்தான் தெரியும். அன்னைக்குப் பெட்டியை இறக்காம வண்டியை எடுத்துட்டேன், அவ்வளவுதான். நியாபகமா பரணைப் பூட்டி வை. திட்டாதே.

உன் தம்பி

மார்ச் 8

தம்பிக்கு,

திட்டவில்லை. முதலில் ஒன்று: 'நியாபகம்' இல்லை, 'ஞாபகம்'. முப்பது வருடமாகச் சொல்கிறேன். அச்சகத்தில் நாள் முழுக்கப் பிழை திருத்திவிட்டு வந்தால், வீட்டில் உன் கடிதம்.

நேற்று இருவர் வந்தார்கள். "தம்பி எங்கக்கா?" என்றார் உயரமானவர்.

"அவன் எனக்கு எழுதறதே இல்ல."

"எங்களுக்கும்தான்" என்று குட்டையானவர் சிரித்தார். போகும்போது சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்து, இறுக்கி மூடிவிட்டுப் போனார். அதற்குத்தான் பயந்தேன்.

பெட்டியை என்ன செய்வது என்று சீக்கிரம் எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெட்டியோட படகுத்துறைக்கு வா. டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் நில்லு. ஞாபகமா தனியா வா. அக்கரை போயிட்டா பிழைச்சுக்குவேன். ஞாபகமா முழங்காலுக்குத் தைலம் தேய்.

உன் தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

உன் கடிதத்தில் இரண்டு இடத்திலும் 'ஞாபகம்' சரியாக இருந்தது. கையெழுத்து உன்னுடையது, சொல் உன்னுடையது இல்லை. நீ அவர்களிடம் சிக்கிவிட்டாய், யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாய் என்று முடிவு செய்தேன். ஞாயிறன்று அவர்கள் மறுபடி வந்ததும் பெட்டியை எடுத்துக் கொடுத்து, "தம்பிய விட்டுடுங்க" என்றேன்.

உயரமானவர் என்னையே பார்த்தார். "அவன் எங்ககிட்ட இல்லையேக்கா."

அதற்குள் குட்டையானவர் மேசைமேல் கிடந்த கடிதத்தைப் படித்து முடித்திருந்தார்.

"அதான் பணம் வந்துடுச்சே" என்றேன்.

"பணம் வந்துடுச்சு. அவனும் வரணும்ல?"

கடிதம் போட்டால் செவ்வாய்க்குள் உனக்குக் கிடைக்காது. நேரில் தடுக்கலாம் என்று படகுத்துறைக்குப் போனேன். எனக்கு முன்பே வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாக என்னை ஒட்டி நின்றார்கள். கடைசிப் படகு வரை நீ வரவில்லை. தூரத்திலிருந்து பார்த்திருந்தால், நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து உனக்காகக் காத்திருந்ததைத்தான் பார்த்திருப்பாய்.

யாரிடம் கேட்டு அதைச் சரியாக எழுதினாய்? மேனேஜரிடமா?

ஒரு வரி போடு. 'நியாபகம்' என்றே எழுது. திருத்த மாட்டேன்.

அக்கா