கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்

நவம்பர் 20

காலையில் தூறல். பத்து மணிக்குப் பிறகு ஒரே புழுக்கம். எம்.ஓ.எச், சுகாதார வைத்திய அதிகாரி, அலுவலகத்தில் எங்கள் மருத்துவிச்சிமாருக்குக் கூட்டம். விரிகுடாவில் தாழமுக்கம், 24 அளவில் புயலாகலாம் என்றார்கள். இந்த "ஆகலாம்" எனக்குப் பிடிக்காத சொல். ஆகும் என்று வைத்து வேலையைத் தொடங்கியாயிற்று.

என் பிரிவில் கடைசி மாதத் தாய்மார் ஒன்பது பேர். பெயர்களை எழுதி பிளாஸ்ரிக் உறையில் போட்டு கைப்பைக்குள் வைத்தேன். எட்டுப் பேர் சொன்னால் கேட்பார்கள். ஒன்பதாவது றிஸ்வானா. வயது இருபத்திரண்டு, தலைப்பிள்ளை. நச்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைப்பேற்றுக் குத்து வந்தால் இரத்தம் போகும், வீட்டில் வைத்து யாராலும் ஒன்றும் செய்ய ஏலாது. ஒப்பரேசன்தான். 28ஆம் திகதி பெரியாஸ்பத்திரியில் சேரச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

புயல் 24. துண்டு 28. நடுவில் உள்ள நாலு நாள்தான் என் தலையிடி.

வாங்க: டோர்ச் பற்றரி, மெழுகுதிரி, லாம்பெண்ணெய், பிஸ்கற், நுளம்புத்திரி. இவருக்குப் பிறஷர் குளிசை. அதை மறந்தால் புயலை விட இவர் மோசம்.

நவம்பர் 21

மேகம். காற்றே இல்லை. ஸ்கூட்டியில் றிஸ்வானா வீட்டுக்குப் போனேன். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். புது வீடு, அவளின் சீதனம். கூரைத் தகரச் சீற்றுக்கு இன்னும் ஆணி முழுதாக அடிக்கவில்லை.

"இப்பவே வார்டில கொண்டுபோய் விடுவம்" என்றேன் தாய் சுபைதாவிடம்.

"இன்னம் ஏழு நாள் இரிக்கே மிஸி! நாலு ஆடு, ஒரு வூடு, இவட வாப்பாவுக்குச் சோறு. எல்லாத்தையும் ஆருட தலையில கட்டிட்டு நான் அங்க வந்து குந்துற?"

"நீங்கள் குந்த வேண்டாம். மகள் வரட்டும்."

"தனியாவா? தலப்புள்ளக்கா? நல்ல கதை."

றிஸ்வானா வயிற்றைப் பிடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் நிசாம் மட்டும், "மிஸி சொல்றதக் கேளுங்க மாமி" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். கெட்டிக்காரன்.

அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினேன். பிறகு எனக்கே ஒரு யோசனை. சுபைதாவின் மச்சாள் வீடு வயற்பக்கம். கல் வீடு, கடலில் இருந்து மூன்று கட்டை உள்ளே, மூன்று மைல் வரும். புயல் போகும்வரை பிள்ளை அங்கே இருக்கட்டும், 28 நேரே ஆஸ்பத்திரிக்கு என்றேன். சுபைதா உடனே ஓம் என்றுவிட்டார். பின்னேரமே ஆட்டோ பிடித்து நானே ஏற்றி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் பெருமையடித்தேன். அடம்பிடிக்கிற மனுசியை வழிக்குக் கொண்டுவந்துவிட்டேனாம்.

நவம்பர் 23

வானம் ஈயச்சட்டி நிறம். அலைச்சத்தம் பாலம்வரை கேட்கிறது. எட்டுத் தாய்மாரும் ஆஸ்பத்திரியில். கடைசி ஆளை ஏற்றும்போது அவளின் உடுப்புப் பையைக் காணவில்லை என்று ஒரு அமர்க்களம். பை அவள் தோளில்தான் இருந்தது.

கடற்கரை முழுக்க வேலை. படகுகளை மேட்டுக்கு இழுத்துத் தென்னைகளோடு பிணைத்துவிட்டார்கள். கூரைகளில் பழைய டயர், மண்மூட்டை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மணிக்கொருதரம் அறிவிப்பு. கேட்டது:

"போன முறை மாதிரி வந்தா இந்தக் கயிறு காணுமா?"

"காணாது. அதுக்காகக் கட்டாம வுடுறதா? இழுடா."

அந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

வீட்டில் யன்னல் கண்ணாடிக்கு நான் டேப் ஒட்டினேன். இவர் கதிரையில் இருந்தபடி, "இஞ்சாரும், உம்மட முகத்தைப் பாத்தாலே புயல் திரும்பிப் போயிடும்" என்றார். டேப்பைக் கையில் கொடுத்து மிச்ச யன்னல்களுக்கு அனுப்பினேன்.

நவம்பர் 24

விடிய நாலரைக்குத் தொடங்கிய காற்று மத்தியானம் நின்றது. முருங்கை சரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தகரம் இரண்டு எங்கள் கிணற்றடியில். கரண்ட் இல்லை. மழை அவ்வளவு இல்லை.

றிஸ்வானாவுக்குப் போன் எடுத்தேன். "இஞ்ச ஒரு ஓடும் பறக்கல்ல மிஸி. மாமி கோழி ஆக்கிறாங்க." சிரித்தாள். போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது. நிம்மதி அழுகை.

பின்னேரம் கடற்கரையில் எல்லாரும் பகிடி. "இவ்வளவுக்குத்தானா மூணு நாள் கயிறு கட்டினம்?"

நவம்பர் 25

வெயில். உடுப்புத் தோய்த்துப் போட்டேன். பாண் வாங்கக் கடைக்குப் போன இடத்தில், மரக்கறி லொறிக்காரன் ஒருவன் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "மலைநாட்டில ரெண்டு நாளா விடாத மழை. ஆத்தைப் பாத்தா நெஞ்சு பதறுது. எல்லாத் தண்ணியும் உங்கட பக்கந்தான் வருது."

பாணோடு அப்படியே நின்றேன். மச்சாள் வீடு கடலில் இருந்து மூன்று கட்டை. ஆற்றில் இருந்து? அரைக் கட்டைகூட இல்லை.

எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடற்கரைச் சனம் அப்படித்தான், முதுகுப் பக்கம் ஆறு இருப்பதே நினைவில் வராது. ஆனால் அவர்கள் யாரும் ஒரு பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் வைக்கவில்லை. வைத்தது நான்.

போன் எடுபடவில்லை. ஸ்கூட்டியில் போனால் மதகடியில் பாதையே இல்லை, மண்ணிறத் தண்ணீர். திரும்பி நேரே நிசாமிடம் போனேன்.

"படகை அவிழ்."

"கடலுக்கு எறங்க இன்னம் விடல்லையே மிஸி."

"கடலுக்கில்லை. வயலுக்கு."

ஆட்களைக் கூப்பிட்டுக் கத்தினான். எட்டுப் பேர் ஓடி வந்தார்கள். ட்ரக்டர் பெட்டியில் படகை ஏற்றி றோட்டால் கொண்டுபோய் மதகடியில் இறக்கினார்கள். நானும் ஏறினேன்.

"நீங்க எறங்குங்க மிஸி. தண்ணில இழுவை இரிக்கு."

"இரத்தம் போனால் நீர் பாப்பீரோ, தம்பி?"

படகைத் தள்ளினான். பயிருக்கும் வேலிக்கம்பிக்கும் மேலே எஞ்சின் போட ஏலாது. கம்பு ஊன்றி ஊன்றித்தான் போனோம். ஒன்றரை மணித்தியாலம். எனக்கு நீந்தத் தெரியாது என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். றிஸ்வானா சாப்பாட்டு மேசையில் காலை நீட்டி இருந்தாள். "குத்து இல்ல மிஸி" என்றாள். பிறகு மெல்ல, "கொஞ்சம் ரத்தம்."

சீலையைப் பார்த்தேன். கொஞ்சம் இல்லை. முகத்தில் காட்டவில்லை. மெத்தையோடு தூக்கிப் படகில் கிடத்தினோம். வழி முழுக்க அவள் கை என் கையில். சொல்லிவைத்த அம்புலன்ஸ் மதகடியில் நின்றது. பாலம் தாண்டும்போது நாடி பிடித்தேன், ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் நினைவில்லை.

நவம்பர் 26

தூறல். ஆஸ்பத்திரி விறாந்தை. நேற்று இருட்டுமுன் ஒப்பரேசன். பெண் பிள்ளை, இரண்டு கிலோ எழுநூறு. தாய்க்கு இரத்தம் ஏற்றினார்கள், காலையில் கண் திறந்து தேத்தண்ணீர் கேட்டாளாம். நிசாம் இரண்டாவது நடை போய் மச்சாள் குடும்பத்தையும் கொண்டுவந்துவிட்டான்.

மத்தியானம் சுபைதா சோற்றுப் பார்சலோடு வந்தார். வார்டு வாசலில் எல்லார் முன்னாலும் என் இரண்டு கையையும் பிடித்தார். "நீங்க இல்லாட்டி என்ட புள்ள இல்ல மிஸி." கட்டில்காரிகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பத்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். சுகமாகத்தான் இருந்தது. அதுதான் வெட்கம்.

பிறகு சொன்னேன். "அங்க அனுப்பச் சொன்னது நான். ஆறு கிட்ட எண்டு யோசிக்கேல்ல. அண்டைக்கே உங்களோட சண்டை பிடிச்செண்டாலும் வார்டுக்குக் கொண்டுவந்திருக்க வேணும். விட்டிட்டன்."

கையை எடுத்தார். பார்சலை அவிழ்த்து என் மடியில் வைத்தார்.

"மொதல்ல தின்னுங்க. நேத்துலருந்து பட்டினி. பொறகு ஏசுறன்."

சாப்பிட்டேன். கத்தரிக்காய்ப் பால்கறி. கை கழுவிவிட்டு வந்து அதே கதிரையில் இருந்தேன்.

ஏசினார். முழு வார்டும் கேட்டது. நான் எழும்பிப் போகவில்லை.