நல்ல தண்ணீர்க் காவல்

9.9.1974, திங்கள்
அம்மாவும் ஐயாவும் படுத்துவிட்டினம். புவியியல் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஐயா கண்டால் தோலை உரிப்பார்.

எங்கள் பக்கத்தில் குடிக்கத் தக்க கிணறு ஒன்றுதான், மற்றதெல்லாம் உவர். கிராமச் சங்கத்தின் கட்டளை: வீட்டுக்கு நாளொன்றுக்கு ஐந்து குடம், குடிக்கவும் சமைக்கவும் மட்டும். நேற்றுச் சங்க விழாவில் ‘நல்ல தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிப்போம்’ என்று பேசி முதற்பரிசு வாங்கினேன்.

உவர்த் தண்ணீரில் முழுகினால் தலைமயிர் தும்பு மாதிரி நிற்கும். அப்படியே மேடையில் ஏறுவதா? சனி மத்தியானம், கிணற்றடியில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, சவர்க்காரம் போட்டுத் தலை முழுகினேன். எட்டு வாளி.

பேச்சு நன்றாக இருந்தது என்றார்கள். தலையும் நன்றாகத்தான் இருந்தது.

10.9
சனிக்கிழமை கிணற்றடியில் சவர்க்கார நுரை கிடந்ததாம். சங்கம் அவசரமாகக் கூடியது. தேத்தண்ணீர் கொடுக்க, பரிசு பெற்ற பிள்ளை என்று என்னைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் விரயத்தை விசாரிக்க மூன்று கேத்தில் தேத்தண்ணீர் போனது.

“கைப்பிள்ளை வைச்சிருக்கிறவள் அன்னப்பிள்ளை. பிள்ளைத் துணி தோய்க்கிறது வேறை ஆர்?” என்றார் சங்கத்து மயில்வாகனம் அண்ணை. அதுவே போதுமாக இருந்தது. அன்னப்பிள்ளை அக்காவுக்குத் தண்டனை: இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளும், நாளுக்கு இரண்டு குடம்தான். “நான் தோய்க்கேல்லை” எண்டு அழுதா. நான் கோப்பை பொறுக்கிக்கொண்டு நிண்டனான்.

இனி மாணவர் தொண்டர்கள் கிணற்றைக் காவல் காக்க வேண்டுமாம். முதற் பெயர் என்னுடையது.

12.9
அவவின் இரண்டு குடத்தையும் நானே எண்ணினேன்.

15.9
அன்னப்பிள்ளை அக்காவின் பிள்ளைக்கு வயிற்றோட்டம். நல்ல தண்ணி போதாமல் உவர்த் தண்ணியைக் காய்ச்சிக் குடுத்தவவாம். நான் ஏன் வாயைத் திறக்கேல்லை? ஐயா அடிப்பார் எண்டோ? பரிசைத் திருப்பிக் கேப்பினம் எண்டோ?

16.9
சங்கத் தலைவர் தியாகலிங்கம் வாத்தியாரிடம் சொன்னேன்: “சேர், முழுகினது நான்.”

சிரித்தார். “அன்னப்பிள்ளையில இரக்கப்பட்டுப் பழியை நீர் சுமக்கப் பாக்கிறீர். நல்ல மனம். ஆனால் பொய் சொல்லக் கூடாது, பிள்ளை.”

ஞாயிறு கூட்டத்தில் என் நல்ல மனதைப் பாராட்டப் போகிறாராம்.

17.9
என் காவல் முறை. அன்னப்பிள்ளை அக்கா அள்ளியது ஐந்து குடம். நான் எழுதியது இரண்டு. வாத்தியார் பார்த்துச் ‘சரி’ போட்டார். நான் சொல்லும் பொய்யை எல்லோரும் நம்புகிறார்கள்.

22.9, ஞாயிறு
பாராட்டினார். கைதட்டினார்கள். நான் எழும்பி எல்லாவற்றையும் சொன்னேன் – சனிக்கிழமை, சவர்க்காரம், எட்டு வாளி, பிறகு எழுதிய பொய்க் கணக்கு. ஐயா எழும்பி வெளியே போனார்.

அன்னப்பிள்ளை அக்கா கடைசி வாங்கில் குந்தியிருந்தபடியே சொன்னா: “எனக்கு அண்டைக்கே தெரியும். தேத்தண்ணி தர வந்தவளின்ரை தலை தும்பாய் நிக்காமல் பட்டு மாதிரிக் கிடந்தது. நான் சொல்லியிருந்தால் உங்களிலை ஆர் நம்பியிருப்பியள்?”

வாத்தியார் தொண்டையைச் செருமி, அடுத்த விடயத்துக்குப் போனார். அடுத்த விடயம் எங்கள் வீடு. இரண்டு கிழமைக்கு நாளுக்கு இரண்டு குடம்.

23.9
ஐயா அடிக்கவில்லை.

பின்னேரம் குடத்தோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அன்னப்பிள்ளை அக்கா, இடுப்பில் பிள்ளை.

“பிள்ளைக்குச் சுகமோ, அக்கா?”

“ஓம்.”

வரிசை ஒரு அடி நகர, திரும்பினா. “தள்ளி நில்லடி, குடம் இடிக்குது.”

வரிசையில் எல்லாப் பெட்டையளுக்கும் சொல்வது போலத்தான் சொன்னா. தள்ளி நின்றேன்.