ஜமைக்காவில் உன் சடை

என் அஞ்சலை அக்காவுக்கு,

நான் டாக்டராகிவிட்டேன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று நம் கெடார் ஊர் முழுக்க விளக்கம் சொல்லி அப்பா ஓய்ந்துபோய்விட்டார். நம் வீட்டுக்கு டி.வி. வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் உன்னிடம் குறி கேட்க வந்த பெண்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் படம் பார்க்க வருகிறார்கள். அதே கூடத்தில்தான் உட்காருகிறார்கள்.

எதைப் படிக்க வெளிநாடு போனேன் என்று உன்னிடம் சொல்லவே இல்லை. சொல்ல எந்த முகம் இருந்தது எனக்கு? ஜமைக்கா என்று கடலுக்கு நடுவே ஒரு நாடு. அங்கே ராஸ்தஃபாரி என்று ஒரு மார்க்கம். எத்தியோப்பிய மன்னரைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள். தலையில் கத்தி படக்கூடாது என்பது அவர்கள் விரதம். முடி சடைசடையாகத் திரண்டு இடுப்பு வரை தொங்கும். அந்த விரதத்தின் மகத்துவத்தை எழுதத்தான் என்னை விமானம் ஏற்றி அனுப்பினார்கள். சிரிப்பு வருகிறதா அக்கா?

உன் புருஷன் உன்னை விட்டுப் போன வருஷம், காய்ச்சலில் கிடந்து நீ எழுந்தபோது முடி சடை விழுந்திருந்தது. அங்காளம்மன் கொடுத்தது என்றாய். அழுக்கு என்றேன் நான். திண்டிவனத்தில் காலேஜ் படித்து, மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டங்களில் கைதட்டி, எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்த காலம். மறுநாள் என் பேராசிரியர் நம் வீட்டுக்கு வருவதாக இருந்தது. கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன்.

“வேணாண்டா தம்பி. அமாவாசைக்கு மலையனூரு கோயிலுக்குப் போயி அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு வர்றேன். அப்புறமா நீயே வெட்டிக்கோ” என்றாய்.

“அவகிட்ட என்னா கேக்குறது? நாளைக்கி சார் வர்றாரு, மானமே போயிடும்” என்றேன்.

அப்பா உன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். “ஜல்தியா வெட்டி முடிடா. குறி கேக்குற பொம்பளைங்க வந்துடப் போறாங்க.”

பேராசிரியர் வந்தார். வறுத்த மல்லாட்டையைத் தோலுடைத்துத் தின்றார், காபி குடித்தார். உன்னை அவர் பார்க்கவே இல்லை. நீ உள்ளே தலையில் முந்தானையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஜமைக்காவில் முதல் மூன்று மாதம் யாரும் என்னோடு பேசவில்லை. நோட்டும் பேனாவுமாக அலைந்த என்னைப் போலீஸ் ஆள் என்று சந்தேகப்பட்டார்கள். தச்சுவேலை செய்யும் ஐசக் என்பவரின் வாசலில் ஒருநாள், வேறு வழி தெரியாமல், என் அக்காவுக்கும் சடை இருந்தது என்று சொன்னேன். இழைப்புளியை வைத்துவிட்டு எனக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். இளவயதில் போலீஸ்காரர்கள் தன்னைப் பிடித்துப் போய்ச் சடையை வெட்டிய கதையைச் சொன்னார். அவரை அமுக்கிப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்ததாம். உனக்கு அப்பா ஒருவரே போதுமாக இருந்தது.

“இருந்தது என்கிறாயே, உன் அக்கா முடியையும் போலீஸ்தான் வெட்டியதா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் உன் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார் அக்கா. அன்றிலிருந்து எந்த வீட்டிலும் எனக்குக் கதவு அடைக்கப்படவில்லை. வழிபாட்டில் மேளத்துக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். என் ஆராய்ச்சியில் எல்லோரும் மெச்சிய அத்தியாயம் முழுக்க அந்தத் தலையாட்டலில் கிடைத்ததுதான்.

அங்கே இருக்கும்போதுதான் அப்பாவின் கடிதம் வந்தது. ‘அஞ்சலைக்கி மஞ்சக்காமாலை வந்து போயிட்டா. பதினாறும் முடிஞ்சிது. கடைசி வரிக்கும் தலையில முந்தானய எடுக்கல. நீ பேஜாரு பண்ணிக்காத, படிப்பப் பாரு.’ அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, அன்று மாலையும் ஐசக்கிடம் கேள்வி கேட்கப் போனேன். நீ செத்துப்போனதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மேலே ஏதாவது கேட்பாரோ என்று பயம். வேலை கெட்டுவிடுமே என்ற பயம். எவ்வளவு கேவலமான பிழைப்பு, பார்.

போன வாரம் ஐசக்கிடமிருந்து கடிதம் வந்தது. யாரையோ வைத்து எழுதியிருக்கிறார். ‘உன் அக்காவுக்கு முடி மறுபடி வளர்ந்துவிட்டதா? தோளைத் தொடுகிறதா? இங்கே ஒவ்வொரு வழிபாட்டிலும் அவள் பெயரைச் சொல்கிறோம்.’ நம் வீட்டில் யாரும் எடுக்காத உன் பெயரை, உன்னைப் பார்த்தே இராத மனிதர்கள் அங்கே உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் நான் சொன்ன பொய்யை நம்பி.

ஆராய்ச்சி புத்தகமாகப் போகிறது. உன்னைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி. காவலர்களால் சடை வெட்டப்பட்ட ஒரு பெண் என்று. உனக்குப் பெயர்கூட வைக்கவில்லை. நீ இருந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேனா? தெரியவில்லை.

அந்த வரியை அடித்துவிட்டேன். கெடார் அஞ்சலையின் சடையை அவளுடைய தம்பி வெட்டினான், அவள் அவகாசம் கேட்டாள், அவன் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அப்படியேதான் அச்சாகும். ஐசக்குக்கும் இதையே எழுதி, நீ இல்லை என்பதையும் சொல்லி, நாளைக் காலை திண்டிவனம் தபாலாபீசில் போடுவேன். அவர் என்னை மன்னிக்க வேண்டாம். உன் பெயரை மட்டும் நிறுத்தாமல் சொன்னால் போதும்.

இது சத்தியம் அக்கா.

இப்படிக்கு,
உன் முடியை வெட்டிய தம்பி